ஆங்கில நெடுஞ்சொற்களின் அசையும் அழுத்தமும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பலரை அம்மொழியின் இலக்கணத்தினும் மிகுதியாக அச்சுறுத்துவன அதன் நெடுஞ்சொற்களே. நான்கு அல்லது ஐந்து எழுத்துகள் கொண்ட சொல்லைத் தயங்காமல் படித்துச் செல்லும் மாணவர், ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ என்னும் 14 எழுத்துச் சொல் எதிர்ப்பட்டவுடன் நின்றுவிடுகிறார். பின்னர் எழுத்தைக் கூட்டி, எல்லாப் பகுதிகளையும் ஒரே சீராக ஒலித்து முடிக்கிறார். எழுத்துகளில் ஒன்றையும் அவர் விடவில்லை; ஆயினும் கேட்பவருக்குச் சொல் விளங்குவதில்லை. இது மாணவரின் அறிவுக் குறை அன்று. அச்சொல்லில் ஓங்கி ஒலிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எழுத்து அதனைக் காட்டவில்லை. அவருக்கு அதனைச் சொன்னவரும் இல்லை.

அந்த இடத்திற்கு விதியே இல்லை, ஒவ்வொரு சொல்லாக நெட்டுருச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை என்பது பலருடைய எண்ணம். அது முழு உண்மை அன்று. ஆங்கிலச் சொல்லின் அழுத்தம் அச்சொல் எந்நாட்டிலிருந்து, எந்தக் காலத்தில், எவ்வழியாக வந்தது என்பதன் சுவடு. அச்சுவட்டைப் படிக்கக் கற்றவருக்கு நெடுஞ்சொல் அச்சம் தருவதில்லை. அந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் அசை என்பது யாது எனத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். நம் யாப்பிலக்கணம் கூறும் நேரசை, நிரையசை வேறு. ஆங்கிலத்தார் கூறும் அசை வேறு. ‘கடல்’ என்னும் சொல் நம் யாப்பில் ஒரே நிரையசை. ஆங்கில முறையில் எண்ணினால் அது ‘க’, ‘டல்’ என இரண்டு அசை. ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு ஒருமுறை எழும் ஒலித்தொகுதியே ஆங்கில அசை. அவ்வசைகளுள் ஒன்றை ஏனையவற்றினும் ஓங்கியும் சற்று நீட்டியும் ஒலிப்பதே அழுத்தம். தமிழில் எந்த அசையை ஓங்கி ஒலித்தாலும் சொற்பொருள் மாறுவதில்லை. குறிலை நெடிலாக்கினால்தான் மாறும். ஆங்கிலத்திலோ அழுத்தம் இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். அழுத்தம் பெறாத அசைகளின் உயிரொலியும் தேய்ந்து மங்கிவிடும். ஆகவே எல்லா அசையையும் ஒரே சீராக ஒலிப்பது நமக்கு இயல்பாக இருப்பினும், ஆங்கிலச் செவிக்கு அது சொல்லின் உருவத்தையே மறைத்துவிடுகிறது.

இனி வரலாற்றிற்கு வருவோம். 5-ஆம் நூற்றாண்டில் வடகடல் கடந்து பிரிட்டன் தீவிற்குள் புகுந்த ஆங்கிலர், சாக்சானியர் முதலிய மக்கள் பேசியது செருமானியக் குடும்பத்து மொழி. அம்மொழியின் விதி எளிது: சொல்லின் வேர்ப்பகுதியின் முதல் அசையே அழுத்தம் பெறும். தந்தையைக் குறிக்கும் ‘ஃபாதர்’, நீரைக் குறிக்கும் ‘வாட்டர்’ போன்ற வீட்டுச் சொற்கள் இன்றும் முதல் அசையிலேயே அழுத்தம் பெறுகின்றன. வினையின் முன்னே ஒட்டு வருமாயின் ஒட்டு அழுத்தம் பெறாது. ‘ஃபர்கெட்’, ‘பிகின்’ என்பவற்றில் ‘கெட்’, ‘கின்’ என்னும் வேர்களே ஓங்கி ஒலிக்கும். இரண்டு பெயர் சேர்ந்து ஒரு பொருளைக் குறிக்கும்போதும் முதற்சொல்லே அழுத்தம் பெறும். ‘பிளாக்போர்டு’ என்பதில் ‘பிளாக்’ மட்டும் ஓங்கினால் வகுப்பறைக் கரும்பலகை. இரண்டும் ஓங்கினால் கறுப்பு நிறமுள்ள ஏதோ ஒரு பலகை.

1066-ஆம் ஆண்டில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் வென்று இங்கிலாந்தின் அரசனானான். அரண்மனை, வழக்குமன்றம் ஆகியவற்றில் பிரெஞ்சு மொழி புகுந்தது. வழக்குமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்காட வேண்டும் என்று சட்டம் பிறக்க 1362-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. பிரெஞ்சு மொழியின் ஓட்டம் ஆங்கிலத்திற்கு நேர்மாறானது. அதன் அழுத்தம் சொல்லின் இறுதியை நாடும். 1400-ஆம் ஆண்டில் மறைந்த பெருங்கவிஞர் சாசரின் செய்யுளில், இயற்கையைக் குறிக்கும் ‘நேச்சர்’, அறத்தைக் குறிக்கும் ‘வர்ச்யூ’ போன்ற சொற்கள் இறுதி அசையில் அழுத்தம் பெற்று வருவதைக் காணலாம். நாள் செல்லச்செல்ல மக்களின் நா அச்சொற்களைத் தன் பழைய வழக்கிற்கு இழுத்தது; அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்தது. இன்று அவை ‘வாட்டர்’ போலவே ஒலிக்கின்றன.

ஆனால் 16-ஆம் நூற்றாண்டு முதலாகப் பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள் பல இவ்வாறு முழுமையாக இணங்கவில்லை. ‘மெஷின்’, ‘போலீஸ்’, ‘ஹோட்டல்’ என்பன நம் தெருக்களிலும் வழங்கும் சொற்கள். இவற்றை நாம் நம் இயல்புப்படி ஒலிக்கிறோம்; ஆங்கிலேயரோ இன்றும் ‘ஷின்’, ‘லீஸ்’, ‘டெல்’ என இறுதி அசையை ஓங்குவர். இங்ஙனம், முன்னே வந்தவை குடியேறி வீட்டாராகிவிட்டன. பின்னே வந்தவை விருந்தினராகவே நிற்கின்றன. சொல் வந்த காலத்தை அழுத்தம் காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது வெள்ளம் இலத்தீன். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கல்வி மறுமலர்ச்சி பெற்றபோது, கற்றறிந்தோர் இலத்தீன், கிரேக்கச் சொற்களைப் பெருந்தொகையாக ஆங்கிலத்திற்குள் கொணர்ந்தனர். நாம் அஞ்சும் நெடுஞ்சொற்களில் மிகப் பல இவ்வழியில் வந்தவையே. இலத்தீனின் அழுத்த விதியைக் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குவின்டிலியன் என்னும் பேராசிரியர் தம் கல்விநூலில் எடுத்துரைத்துள்ளார். தமிழ் யாப்புக் கற்ற மாணவருக்கு இவ்விதி எளிதில் விளங்கும். ஏனெனில் அது குறில், நெடில், ஒற்று என்னும் வேறுபாட்டின் மேல் நிற்பது. ஈற்றயல் அசை நெடிலாகவோ ஒற்றடுத்ததாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே நிற்கும். ஈற்றயல் தனிக்குறிலாயின், அழுத்தம் ஒரு படி முன்னே சென்று, ஈற்றிலிருந்து மூன்றாம் அசையில் நிற்கும்.

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ‘அ-ஜெண்-டா’ என்பதில் ஈற்றயல் ஒற்றடுத்து நிற்கிறது. அழுத்தம் ‘ஜெண்’ மேல். ‘டி-ப்ளோ-மா’, ‘மியு-ஸீ-அம்’ என்பவற்றில் ஈற்றயல் நெடில். அழுத்தம் ‘ப்ளோ’, ‘ஸீ’ மேல். ‘அ-னி-மல்’ என்பதில் ஈற்றயல் குறில். ஆகவே அழுத்தம் முதல் அசைக்குச் செல்கிறது. ‘ஸ்டே-டி-அம்’ என்பதிலும் அவ்வாறே. ‘ஆ-டி-டோ-ரி-அம்’ என்னும் ஐந்தசைச் சொல்லில் ‘ரி’ குறில். ஆகவே அழுத்தம் ‘டோ’ மேல் அமைகிறது. ‘ஜிம்-னே-ஸி-அம்’ என்பதில் ‘னே’ ஓங்குவதும் இக்காரணம் பற்றியே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் வழங்கிய விதி, இன்றைய விளையாட்டரங்கின் பெயரிலும் உயிரோடிருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இம்மூன்று வெள்ளங்களும் தத்தம் பின்னொட்டுகளையும் உடன் கொணர்ந்தன. ‘-நெஸ்’, ‘-ஃபுல்’, ‘-லெஸ்’, ‘-ஷிப்’ என்னும் செருமானிய ஒட்டுகள் எத்தனை சேர்ந்தாலும் அழுத்தம் தன் இடத்தைவிட்டு அசையாது. ‘-ஷன்’, ‘-இக்’, ‘-இட்டி’ போன்ற இலத்தீன், கிரேக்க வழி ஒட்டுகளோ அழுத்தத்தைத் தமக்கு முன்னுள்ள அசைக்கு இழுத்துக்கொள்ளும். ‘போட்டோகிராப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘போட்டோகிராபி’ என்றவுடன் இரண்டாம் அசையில். ‘போட்டோகிராபிக்’ என்றவுடன் மூன்றாம் அசையில். ஒரே சொற்குடும்பம், அழுத்தம் மட்டும் படியேறிச் செல்கிறது. ‘அரபிக்’, ‘அரித்மெட்டிக்’, ‘பாலிடிக்ஸ்’ போன்ற விதிவிலக்குகளும் உண்டு, அவை சிலவே.

அழுத்தம் இடம் மாறிப் பொருளை வேறுபடுத்தும் இணைகளும் ஆங்கிலத்தில் வளர்ந்தன. ‘ரெக்கார்டு’ என முதல் அசை ஓங்கினால் ஏடு அல்லது பதிவு என்னும் பெயர். ‘ரிக்கார்டு’ என இரண்டாம் அசை ஓங்கினால் பதிவுசெய் என்னும் வினை. 1570-ஆம் ஆண்டில் பீட்டர் லெவின்ஸ் என்பவர், சொற்களை ஈற்றொலி முறையில் அடுக்கி, பலவற்றிற்கு அழுத்தக் குறியும் இட்டு ஓர் அகராதி வெளியிட்டார். அழுத்த மாற்றத்தின் வரலாற்றை அளந்தறிய இன்றும் அந்நூல் துணை புரிகிறது. டொனால்டு ஷெர்மன் என்னும் ஆய்வாளர் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1570-இல் இத்தகைய பெயர்-வினை இணைகள் மூன்றே இருந்தன, 1660-இல் 24, 1934-இல் 150. எவரும் கூடி முடிவெடுத்துச் சட்டம் இயற்றவில்லை. பேசுவோர் நாவிலேயே இவ்வொழுங்கு படிப்படியாகப் பரவிற்று.

இவ்வளவும் நாவில் இருந்தது, ஏட்டில் இல்லை. ஆங்கில எழுத்துமுறை அழுத்தத்தைக் காட்டுவதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் நகரங்கள் பெருகி, அச்சு நூல்கள் மலிந்து, படிப்போர் தொகை உயர்ந்தபோது, கண்ணால் மட்டும் அறிந்த சொற்களை எவ்வாறு ஒலிப்பது என்னும் கேள்வி எழுந்தது. 1755-ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதி ஏறத்தாழ 42,000 சொற்களுக்குப் பொருள் கூறியது. எந்த அசையில் அழுத்தம் என்பதையும் குறியிட்டுக் காட்டியது. ஆனால் அசை பிரித்தோ, உயிரொலி இன்னதென்றோ அது காட்டவில்லை.

அக்குறையை நிறைவு செய்தவர் யாவர் என்று நோக்கினால் வியப்பான ஓர் உண்மை புலனாகும். 1757-இல் ஒலிப்பு அகராதி ஒன்றை வெளியிட்ட ஜேம்ஸ் புக்கானன் ஸ்காட்லாந்தினர். 1780-இல் அசை பிரித்து, உயிரொலிகளுக்கு எண்ணிட்டு, அழுத்தம் குறித்து விரிவான அகராதி தந்த தாமஸ் ஷெரிடன் அயர்லாந்தில் பிறந்த நடிகர். ஆங்கில ஒலிப்பை உறுதிசெய்ய ஓர் அயர்லாந்தினருக்கு என்ன உரிமை என்று ஜான்சனே ஏளனம் செய்ததாக அவர் வரலாறு எழுதிய பாஸ்வெல் குறித்துள்ளார். 1791-இல் வெளிவந்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்த அகராதியின் ஆசிரியர் ஜான் வாக்கர், நாடக மேடையைவிட்டுப் பேச்சுக்கலை ஆசிரியரானவர். அவர் தம் நூலில் ஸ்காட்லாந்தினர், அயர்லாந்தினர் ஆகியோருக்கு மட்டுமன்றி இலண்டன் நகரத்தாருக்கும் திருத்த விதிகள் எழுதினார். அயல்நாட்டாருக்கும் வழிகாட்டுதல் சேர்த்தார். தாய்ப்பாலோடு பெற்றவன் எதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. முயன்று கற்றவனே இது எவ்வாறு அமைந்தது என்று வினவுகிறான். ஆங்கில அழுத்தத்தை ஏட்டில் பதித்த பெருமை பெரும்பாலும் அவ்வாறு வினவியவர்களையே சாரும்.

அசை பிரித்தலின் வரலாற்றிலும் இதே செய்தி கிடைக்கிறது. இங்குப் போர்க்களமாக அமைந்தது தொடக்கப்பள்ளியின் பாடநூல். இலண்டன் நகரின் வாப்பிங் பகுதியில் ஆசிரியராக இருந்த தாமஸ் டில்வொர்த் 1740-இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூல் இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பரவியிருந்தது. அதன் முறை இலத்தீன் இலக்கணத்தைத் தழுவியது. இரு உயிர்களுக்கு இடையே ஒரு மெய் வந்தால் அதனைப் பின் அசையோடு சேர்ப்பது அம்முறை. அதன்படி, பழக்கம் என்னும் பொருளுடைய ‘ஹேபிட்’ என்னும் சொல் ‘எச், ஏ’ என்றும் ‘பி, ஐ, டி’ என்றும் பிரியும். அவ்வாறு பிரித்துப் படிக்கும் சிறுவன் முதல் அசையை ‘ஹே’ என நீட்டிப் படிப்பான். உண்மையில் அதன் உயிரொலி குறுகியது.

நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவில் கனெக்டிகட் பகுதியில் 1758-இல் பிறந்தவர். 1782-இல் நியூயார்க்கைச் சேர்ந்த கோஷன் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். மறு ஆண்டு, அமெரிக்க விடுதலைப் போர் பாரிஸ் உடன்படிக்கையால் முடிவுற்ற அதே 1783-இல், ஹார்ட்ஃபோர்டு நகரில் தம் எழுத்துக்கூட்டு நூலை வெளியிட்டார். அவர் கொள்கை ஒன்றே: நா பிரிக்கும் இடத்தில் ஏடும் பிரிக்க வேண்டும். அழுத்தம் பெற்ற குறில் தன்னை அடுத்த மெய்யைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஆதலால் அச்சொல்லை ‘எச், ஏ, பி’ என்றும் ‘ஐ, டி’ என்றும் பிரித்தார். மீட்சியைக் குறிக்கும் ‘சால்வேஷன்’ என்பதை டில்வொர்த் நான்கு அசையாகப் பிரித்திருந்தார். வெப்ஸ்டர் அதன் ‘-ஷன்’ ஓரசையே எனக் கொண்டு மூன்றாக்கினார். டில்வொர்த்தின் முறை வெறும் பிழை அன்று. சாசர் காலத்தில் அவ்வொட்டு ஈரசையாகவே ஒலித்தது. ஷேக்ஸ்பியரின் செய்யுளிலும் சில இடங்களில் ஈரசையாக வருகிறது. மக்கள் நாவில் மறைந்துபோன ஒலியைப் பள்ளிநூல் நெடுங்காலம் சுமந்து வந்தது. எத்தனை சிறுவர் அந்த இல்லாத ஓர் அசையைச் சொல்லத் தவறியதற்காகத் தண்டனை பெற்றனரோ! நீல அட்டையால் பெயர்பெற்ற வெப்ஸ்டரின் சிறுநூல் அடுத்த நூறாண்டில் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று.

அச்சுத்தொழிலாளருக்கும் இக்கேள்வி உண்டு. வரியின் ஓரம் நேராக அமைய வேண்டுமாயின் நெடுஞ்சொல்லை எங்கேனும் முறித்தாக வேண்டும். 1455-ஆம் ஆண்டையொட்டிக் குட்டன்பர்க் அச்சிட்ட இலத்தீன் விவிலியத்திலேயே வரியிறுதியில் முறிகோடுகளைக் காணலாம். பிற்காலத்தில் பிரிட்டானிய அச்சகங்கள் சொல்லின் பிறப்பை நோக்கிப் பிரித்தன. அமெரிக்க அச்சகங்கள் ஒலிப்பை நோக்கிப் பிரித்தன. அறிவைக் குறிக்கும் ‘நாலெட்ஜ்’ என்னும் சொல்லில் ‘எல்’ என்னும் எழுத்து இங்கிலாந்தில் அடுத்த வரிக்குச் செல்லும். அமெரிக்காவில் முன் வரியிலேயே நிற்கும். கணிப்பொறி வந்தபின் 1983-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் என்பவர் 4,447 எழுத்துக்கோவைகளைக் கொண்டு சொற்களைப் பிரிக்கும் முறையொன்றை வகுத்தார். அகராதி காட்டும் பிரிப்பிடங்களில் நூற்றுக்கு 89-ஐ அது கண்டுபிடித்தது. ஆயினும் ‘பிரசெண்ட்’, ‘பிராஜெக்ட்’ என்னும் எளிய சொற்களைப் பிரிக்காமல் விடுமாறு டொனால்டு நூத் உருவாக்கிய அச்சுக்கோப்பு நிரலில் தனியே குறிக்க வேண்டியதாயிற்று. காரணம் நாம் முன்பு கண்டதே. ‘பிரசெண்ட்’ பெயராயின் நடுவிலுள்ள ‘எஸ்’ முன் அசையைச் சேரும். வினையாயின் பின் அசையைச் சேரும். அழுத்தம் அறியாமல் அசை பிரிக்க இயலாது. அசையும் அழுத்தமும் ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள்.

இன்றைய அகராதிகளில் காணும் அழுத்தக் குறிக்கும் ஆசிரியர்களே காரணர். 1886-இல் பாரிஸ் நகரில் பால் பாசி என்பவரின் முயற்சியால் மொழியாசிரியர் சிலர் கூடி அமைத்த சங்கமே பின்னர் அனைத்துலக ஒலியியற் கழகமாக வளர்ந்தது. அதன் ஒலிக்குறிகளைக் கையாண்டு இலண்டன் பேராசிரியர் டேனியல் ஜோன்ஸ் 1917-இல் ஆங்கில ஒலிப்பு அகராதியை வெளியிட்டார். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே மேற்பக்கத்தில் நிற்கும் சிறு கோட்டை மாணவர் பலர் அச்சுக்கறை எனக் கருதிக் கடந்துபோகின்றனர். அச்சொல்லைப் பற்றிய செய்திகளுள் தலையாயது அச்சிறு கோடு.

எழுதப்பட்ட விதி என்றும் மாறாது என்றும் எண்ணலாகாது. ‘பால்கனி’ என்னும் சொல் இத்தாலியிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இரண்டாம் அசையிலேயே அழுத்தம் பெற்றிருந்தது. அது முதல் அசைக்கு நகரத் தொடங்கியபோது, 1855-இல் மறைந்த கவிஞர் சாமுவேல் ராஜர்ஸ் அதனைக் கேட்கவே அருவருப்பாக உள்ளது என்று நொந்துகொண்டார். இன்று அனைவரும் அவர் வெறுத்தவாறே சொல்கின்றனர். ‘லேபரட்டரி’ என்பதை அமெரிக்கர் முதல் அசையிலும் ஆங்கிலேயர் இரண்டாம் அசையிலும் ஓங்குகின்றனர். ஆகவே ஒருவர் ஒலிப்பு நம் ஒலிப்பினின்று வேறுபட்டவுடன் அவரை எள்ளி நகைப்பது அறிவுடைமை ஆகாது.

இனி மாணவர் செய்யத்தக்கது யாது? நெடுஞ்சொல்லைக் கண்டவுடன் ஈற்றிலிருந்து நோக்குக. பின்னொட்டு எக்குடும்பத்தது எனக் காண்க. உயிரொலிகளை எண்ணி அசை பிரிக்க. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ என்பதில் ஆறு அசை. ‘-இட்டி’ என்பது அழுத்தத்தைத் தன் முன்னுள்ள அசைக்கு இழுக்கும் ஒட்டு. ஆகவே நான்காம் அசையாகிய ‘பில்’ ஓங்கும். ‘எக்ஸாமினேஷன்’ என்பதில் ஐந்து அசை; ‘-ஷன்’ முன்னுள்ள ‘னே’ ஓங்கும். ‘கேரக்டரிஸ்டிக்’ என்பதிலும் ஐந்து அசை. ‘-இக்’ முன்னுள்ள ‘ரிஸ்’ ஓங்கும். ஓங்குவதை ஓங்கச் சொல்லி, ஏனையவற்றைத் தாழ விடுக. ஐயம் எழுந்தால் அகராதியின் சிறு கோட்டை நோக்குக.

பிறர் மொழியைக் கற்பது தாழ்வன்று. அதனைத் தட்டித் தடுமாறிக் கற்பதும் தாழ்வன்று. ஷெரிடனுடைய உரிமையை ஐயுற்ற ஜான்சன் காலத்திலேயே அவருடைய அகராதியை மக்கள் வாங்கிப் பயன்படுத்தினர். முயன்று கற்றவர்க்கு உள்ள உரிமையை எவரும் மறுத்தல் இயலாது. அவ்வுரிமை நம் மாணவருக்கும் உண்டு. அடுத்த முறை 14 எழுத்துச் சொல் எதிர்ப்படும்போது நின்று அஞ்ச வேண்டா. நின்று, அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.